ஊரறிந்த பாட்டுக்கு ஆடமாட்டோம்!

பாட்டு அதேதான். இசைத்தட்டும் அதேதான். ஆறு மாதம் முன்பு இதன் முதல் டிரம் அடி விழுந்த விநாடியே, சுவரோரம் சாய்ந்து நின்றவன், வியர்வையில் ஊறிய பனியனைப் பிழிந்துகொண்டிருந்தவன், கூல் டிரிங்க் பாட்டிலை அப்போதுதான் திறந்தவன் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்து ஆட இறங்கினார்கள். இன்றைக்கு அதே டிரம். ஆடிக்கொண்டிருந்தவர்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரம்போகிறார்கள். அரை நிமிடத்தில் தரை காலி. மேடையில் டி.ஜே. மட்டும், பந்தி முடிந்த பிறகும் சாம்பார் வாளியோடு நிற்கிற ஆள் மாதிரி.

என்ன ஆச்சு? பாடியவர் என்ன தப்பு செய்தார்?

பதில் தேட வேண்டுமென்றால் இங்கிலாந்தின் வடக்கே போகவேண்டும். அதுவும் 1970-களுக்கு. லங்காஷயர் பக்கம். பஞ்சாலையும் நிலக்கரிச் சுரங்கமும் ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்து, பிறகு ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்திக்கொண்டிருந்த காலம். விகன் என்று ஒரு ஊர். ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல் ‘த ரோட் டு விகன் பியர்’ எழுதி, அந்த ஊரின் ஏழ்மையை உலகத்துக்கே காட்டிக்கொடுத்தார். அங்கே 1973 செப்டம்பரில் ஒரு பழைய நடன மாளிகையில் ‘ஆல்நைட்டர்’ ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிக் கதவு திறக்கும். ஞாயிறு காலை 8 மணிக்கு மூடும். பெயர் விகன் கேசினோ.

கேசினோ என்றதும் சீட்டுக்கட்டை நினைக்கவேண்டாம். சூதாட்டமும் இல்லை, மதுவும் இல்லை. ஆட்டம் மட்டும். அதுவும் ஜோடி போட்டுக் கைகோத்து ஆடுகிற ஆட்டமில்லை. தனியாள் ஆட்டம். பம்பரம் மாதிரி சுழல்வார்கள். மல்லாந்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழுவார்கள். கால் வழுக்கவேண்டும் என்பதற்காகத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். அகலமான பேண்ட், கையில்லாத பனியன், மாற்றுத் துணிக்கு ஒரு தோள்பை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமலிருக்கப் பலர் மாத்திரை போட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் போலீஸ் தொல்லையும் இருந்தது.

அவர்கள் ஆடிய இசைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். வட இங்கிலாந்தில் உருவான இசை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஏறக்குறைய அத்தனையும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் பாடியவை. பெயர் வைத்தவர் லண்டன்காரர். டேவ் கோடின். இசைப் பத்திரிகையாளர், ‘சோல் சிட்டி’ என்ற இசைத்தட்டுக் கடையின் சொந்தக்காரர்களில் ஒருவர். தங்கள் ஊர் கால்பந்து அணியின் பின்னாலேயே லண்டனுக்கு வரும் வடக்கத்திப் பையன்கள் அப்படியே இவர் கடைக்கும் வருவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த புத்தம் புதுச் சரக்கை எடுத்துக் காட்டினால் தலையை ஆட்டிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது நாலு வருஷத்துக்கு முந்தைய வேகமான பாட்டு. ‘வடக்கிலிருந்து ஆள் வந்தால் புதுசைப் போட்டு நேரத்தை வீணாக்காதே, அவர்கள் கேட்கிற சோலைப் போடு’ என்று கடைப் பையன்களுக்கு அடையாளம் சொல்ல அவர் வைத்த பெயர்தான் அது. 1970-ல் மான்செஸ்டரின் ‘ட்விஸ்டட் வீல்’ கிளப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதே பெயரைப் பத்திரிகையிலும் எழுதினார். ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அந்தப் பாட்டுகளுக்குத் தரையை முதலில் காலி செய்தது இங்கிலாந்து இல்லை. அமெரிக்காதான். 1964, 65-ல் மோட்டவுன் கம்பெனி ஒரு தாளத்தைப் பிடித்தது. நாலு அடியும் சமமாக, சாலையில் குதிரை ஓடுகிற மாதிரி. நாடே அதற்கு ஆடியது. 1967-ல் ஜேம்ஸ் பிரவுன் ‘கோல்ட் ஸ்வெட்’ கொண்டுவந்தார். தாளம் உடைந்து, இடுப்பு ஆடுகிற ஃபங்க் இசை வந்துவிட்டது. கறுப்பின இளைஞர்களின் அரசியல் மாறியது, தலைமுடி மாறியது, ஆட்டமும் மாறியது. 65-ன் குதிரைத் தாளம் 69-ல் போட்டால் அண்ணன் காலத்துப் பாட்டு. அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். மான்செஸ்டர் பையன்கள் நகர மறுத்தார்கள்.

மறுத்தால் மட்டும் போதுமா? வாராவாரம் ஆடப் புதுப் பாட்டு வேண்டாமா? அந்த மாதிரிப் பாட்டை அமெரிக்காவில் இனிமேல் யாரும் போடப்போவதில்லை. வரத்து நின்றுவிட்டது, கிராக்கி நிற்கவில்லை.

வழி பிறந்தது. மோட்டவுன் ஜெயித்ததைப் பார்த்து அமெரிக்காவின் பெரிய நகரங்களில் நூற்றுக்கணக்கான குட்டிக் கம்பெனிகள் முளைத்திருந்தன. அதே தாளம், அதே வயலின், அதே ஏக்கம். சில நூறு தட்டு அடிப்பார்கள். ரேடியோவில் போடுவதற்குச் செலவழிக்கக் காசிருக்காது. பாட்டு தோற்கும். கம்பெனி மூடப்படும். தட்டுகள் கிடங்கில் தூங்கும். அவ்வளவையும் 1970-களில் இங்கிலாந்துக்காரர்கள் தோண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். பிளாக்பூலைச் சேர்ந்த இயன் லெவின் வசதியான வீட்டுப் பையன். குடும்பத்தோடு மயாமிக்கு விடுமுறைக்குப் போனால், மற்றவர்கள் கடற்கரையில் படுத்திருக்க, இவர் பழைய பொருள் கடைகளில் புழுதியில் புரண்டு ஆயிரக்கணக்கில் தட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். ரிச்சர்ட் சேர்லிங் என்ற இன்னொரு டி.ஜே. 1973-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தட்டு வாங்கினார். குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெய்ன்டட் லவ்’. 1965-ல் வந்த இன்னொரு பாட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, யாரும் சீண்டாமல் போன பாட்டு. அதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரப்போகிறது.

தோற்ற பாட்டுகள் மட்டுமே ஜெயிக்கக்கூடிய ஒரு சந்தை உருவானது இப்படித்தான். உலகத்திலேயே வேறெங்காவது இப்படி ஒன்று இருந்திருக்குமா, எனக்குத் தெரிந்து இல்லை.

அரிய தட்டுதான் டி.ஜே.யின் மூலதனம். இந்தப் பாட்டு எங்கே கேட்கும்? இந்த ஒரு அரங்கத்தில், இந்த ஒரு ஆள் வந்தால் மட்டும் கேட்கும். அதற்காகப் பையன்கள் நூறு மைல் ரயிலேறி வருவார்கள். அடுத்தவன் அந்தத் தட்டைக் கண்டுபிடித்துவிட்டால்? ஆகவே லேபிள் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றி அறிவித்தார்கள். இதற்கு ‘கவர்-அப்’ என்று பெயர். ஃபிராங்க் வில்சன் பாடியதை எட்டி ஃபாஸ்டர் பாடியதாகச் சொன்ன கதையும் உண்டு. பாடிய மனுஷன் டெட்ராய்ட்டிலோ சிகாகோவிலோ வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் தன் குரலுக்குச் சுழன்றுகொண்டிருப்பது தெரியாது. தெரிந்தாலும், அங்கே ஒலிப்பது அவர் பெயரில்லை.

காகிதம் எத்தனை நாள் தாங்கும்? மோப்பம் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். உண்மையான தட்டு எதுவென்று கண்டுபிடிப்பார்கள். உடனே அசிடேட் தட்டில் நகல் வெட்டுவார்கள், ‘எமிடிஸ்க்’ என்று சொல்வார்கள். சில பத்து முறை ஊசி ஓடினால் தேய்ந்து போகிற சரக்கு. பிறகு திருட்டுப் பதிப்பே நூற்றுக்கணக்கில் வந்துவிடும். போன மாதம் ஒருவரிடம் இருந்தது இந்த மாதம் ஊரிலுள்ள எல்லா டி.ஜே.யிடமும் இருக்கும். ஒவ்வொரு கிளப்பிலும் அதே பாட்டு. ராத்திரிக்கு மூன்று தடவை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ‘குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்ற பாடம் ஞாபகமிருக்கும். முதல் மாம்பழம் தேன். இரண்டாவது நன்றாக இருக்கிறது. ஐந்தாவதைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். பாட்டு அலுத்துப் போவதற்கு இந்த விதி போதும். ஆனால் மாம்பழம் தின்று அலுத்தவன் மாம்பழத்தின் மேல் கோபப்படமாட்டான். இவர்கள் கோபப்பட்டார்கள். அலுப்பு மெல்ல மெல்ல வரும். இங்கே தரை ஒரே வாரத்தில் காலியானது. அந்த ஒரு வாரத்தில் நடந்தது வேறு.

பாட்டு வெளியே போய்விட்டது.

முதலில் இது சந்தோஷமான செய்தியாகத்தான் இருந்தது. 1964-ல் த டாம்ஸ் குழு பாடிய ‘ஹே கேர்ள் டோன்ட் பாதர் மீ’, வடக்கத்தி கிளப்புகளில் ஆடி ஆடியே உயிர்பெற்று, 1971-ல் பிரிட்டனின் நம்பர் ஒன் ஆனது. ஆர்.டீன் டெய்லரின் 1967-ம் வருஷத்துப் பாட்டு ஒன்று 1974-ல் மூன்றாமிடத்துக்கு வந்தது. லண்டன் கம்பெனிகளுக்கு மூக்கு வியர்த்தது. பை நிறுவனம் ‘டிஸ்கோ டிமாண்ட்’ என்று இதற்கென்றே ஒரு லேபிளைத் தொடங்கியது. பழைய வாத்திய இசை ஒன்றை எடுத்து, வேகத்தைக் கூட்டி, கால்பந்து மைதானக் கூச்சலை மேலே தூவி, ‘ஃபுட்ஸீ’ என்று விட்டார்கள். பாடியது யார்? ‘விகன்ஸ் சோசன் ஃபியூ’வாம். விகனுக்கும் அதற்கும் பெயரைத் தவிர சம்பந்தமில்லை. 1975 தொடக்கத்தில் அது ஒன்பதாமிடம் பிடித்தது. பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் விகன் கேசினோ பையன்களையே கூட்டிவந்து ஆடவைத்தார்கள். சில வாரங்களில் ‘விகன்ஸ் ஓவேஷன்’ என்ற வெள்ளைக்காரக் குழு, த இன்விடேஷன்ஸ் பாடிய ‘ஸ்கீயிங் இன் த ஸ்னோ’வைத் தன் பங்குக்குப் பாடிப் பன்னிரண்டாமிடத்துக்குப் போனது.

சனிக்கிழமை ரகசியம் வியாழக்கிழமை டி.வி.யில். அம்மா பார்க்கிறாள், எட்டாம் வகுப்புத் தங்கச்சி பார்க்கிறாள், கடைசியில் ஃபேக்டரி சூப்பர்வைசரும் சீட்டியடித்துக்கொண்டு வருகிறார். அதற்குப்பிறகு அந்தப் பாட்டுக்கு எப்படி ஆடுவது?

இதைத் தலைக்கனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ‘எனக்கு முன்னாடியே தெரியும்’ என்கிற ஜம்பம் அதில் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். பதினாறு வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ போனவன். வீடு வாடகை. வேலை நாளைக்கு இருக்குமா தெரியாது. ஆனால் டெட்ராய்ட்டில் மூடப்பட்ட ஒரு கம்பெனியின் தட்டு எண்ணைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். லண்டன் பணக்காரனுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அவனுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். அதை ஒருத்தன் வேகம் கூட்டி, ‘விகன்’ என்று பெயரும் ஒட்டி, நாட்டுக்கே விற்றால்? கோபம் வராதா?

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எல்லாக் காலியான தரைக்கும் இந்த மானப் பிரச்னை காரணமில்லை. சில நேரம் காரணம் வெறும் கால்தான். மேஜர் லான்ஸ் என்ற சிகாகோ பாடகர். 1963, 64-ல் கர்டிஸ் மேஃபீல்ட் எழுதிய பாட்டுகளைப் பாடி அமெரிக்காவில் நட்சத்திரம் ஆனவர். 1972-ல் அங்கே அவரை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. டன்ஸ்டாலில் இருந்த ‘கோல்டன் டார்ச்’ கிளப்புக்கு வந்து பாடினார். கூரை பறந்தது. அந்த ராத்திரி தனி இசைத்தட்டாகவே வந்தது. ஆனால் இவர்கள் உயிரைக் கொடுத்து ஆடியது ‘யூ டோன்ட் வான்ட் மீ நோ மோர்’ போல, சொந்த ஊரில் எடுபடாமல் போன அவருடைய வேகமான பாட்டுகளுக்கு. அமெரிக்கா கொண்டாடிய அவருடைய ‘த மங்கி டைம்’, பவுடர் தூவிய தரையில் சுழல்கிறவனுக்குச் சோம்பல் நடை. கேட்க நன்றாக இருக்கும். சுழல வராது. மோட்டவுனின் மகா ஹிட்டுகளுக்கும் அங்கே இதே மரியாதைதான். ‘பேபி லவ்’ போட்டால் கல்யாண வரவேற்பில் பாட்டி முதல் பேத்தி வரை எழுந்து வருவார்கள். ஆல்நைட்டரில் அதையே போட்டால் டி.ஜே. வேறு வேலை தேடவேண்டியதுதான்.

சரி, ஊருக்குத் தெரிந்த பாட்டு வேண்டாம், தெரியாத பாட்டும் தீர்ந்துகொண்டே வருகிறது. என்ன செய்வது? இங்கேதான் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பிளாக்பூல் மெக்காவில் இயன் லெவினும் காலின் கர்டிஸும் 1970-களின் நடுவில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறுபதுகளின் கிணறு வற்றுகிறது. த கார்ஸ்டேர்ஸ் குழு 1973-ல் பாடிய ‘இட் ரியலி ஹர்ட்ஸ் மீ கேர்ள்’ மாதிரி இன்றைய பாட்டுகளைப் போடுவோம். விகன் ரசிகர்களுக்கு இது துரோகம். ‘லெவின் வெளியேறு’ என்று பேனர் பிடித்துக்கொண்டு மெக்காவுக்கே போய் நின்றார்கள். பாட்டுக்குப் பேனர்! சிரிக்கலாம். ஆனால் அவர்களுடைய பயம் பொய்யில்லை. மெக்கா போன பாதையின் முனையில் டிஸ்கோ நின்றுகொண்டிருந்தது. அது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த சமாசாரம்.

விகன் நகரவில்லை. பதிலாக, அங்கே ‘ஓல்டீஸ்’ பெருகியது. அதாவது, ஏழெட்டு வருஷம் முன்பு தாங்களே ஆடித் தீர்த்த பாட்டுகள். பெரிய ஹாலுக்குப் பக்கத்தில் ‘மிஸ்டர் எம்ஸ்’ என்ற இன்னொரு அறை. அங்கே பழசு மட்டும். இருபத்தைந்து வயதிலேயே ‘அந்தக் காலத்துல’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது ‘டெய்ன்டட் லவ்’வுக்கு வருவோம். அந்த கிளப்புகளில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் டேவ் பால் என்ற பிளாக்பூல் பையனும் ஒருவர். அவரும் மார்க் ஆல்மண்டும் சேர்ந்த ‘சாஃப்ட் செல்’ 1981-ல் அதை சிந்தசைசரில் வாசித்தது. பிரிட்டனில் நம்பர் ஒன். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 43 வாரம். கணக்குப் பார்த்தால் இதில் ஒரு கூத்து இருக்கிறது. தட்டின் பின்பக்கத்திலும் அவர்கள் போட்டது இன்னொருவர் எழுதிய பாட்டு, த சுப்ரீம்ஸின் ‘வேர் டிட் அவர் லவ் கோ’. சொந்தப் பாட்டு ஒன்றைப் பின்னால் ஒட்டியிருந்தால் எழுத்தாளர் உரிமைத் தொகையில் பாதி வந்திருக்கும். ஒரு பைசா வரவில்லை. மார்க் ஆல்மண்ட் அதைச் சொல்லிச் சொல்லி வருந்தியிருக்கிறார். எழுதிய எட் காப்புக்குப் பணம் போனது. 1965-ல் பாடிய குளோரியா ஜோன்ஸுக்கு? புதுப் பதிவில் அவர் குரல் இல்லை. குரல் இல்லாத இடத்தில் பங்கும் இல்லை.

உலகமே முணுமுணுத்த அந்த வருஷத்திலேயே விகன் கேசினோவுக்கும் நாள் குறித்தார்கள். நகராட்சிக்கு அந்த இடம் தேவைப்பட்டது. 1981 டிசம்பர் 6. ஒவ்வொரு ஆல்நைட்டரையும் முடிக்க வழக்கமாகப் போடும் மூன்று பாட்டுகள் உண்டு. ‘எட்டுக்கு முன் மூன்று’ என்பார்கள். அன்றைக்கு அந்த மூன்றையும் போட்டாகிவிட்டது. கூட்டம் அசையவில்லை. திரும்பப் போட்டார்கள். அப்போதும் அசையவில்லை. டி.ஜே. ரஸ் வின்ஸ்டன்லி பெட்டியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துப் போட்டார். ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’.

இந்தத் தட்டின் ஜாதகமே தனி. 1965-ல் மோட்டவுன் சுமார் 250 மாதிரிப் பிரதிகள் அடித்தது. வெளியீட்டுக்கு முன்பே நிறுத்தியது. பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. வில்சன் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தயாரிப்பாளராகவே தொடர்ந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள் மட்டும் தப்பின. விகனில் முதலில் இது கவர்-அப், பிறகு திருட்டுப் பதிப்பு. 1979-ல் பிரிட்டனில் முறையாகவே வெளிவந்து கடையில் கிடைத்தது. இத்தனை நேரம் பேசிய விதிப்படி பார்த்தால் 1981-ல் இது செத்த பாட்டு. எல்லோருக்கும் தெரியும், எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அன்றைக்குத் தரையில் கால்வைக்க இடமில்லை. அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. யாருக்கு முன்னால் யாருக்குத் தெரியும் என்ற போட்டியும் இல்லை.

அடுத்த ஆண்டு கட்டடத்தில் தீப்பிடித்தது. அதற்கடுத்த ஆண்டு இடித்துவிட்டார்கள்.

கூட்டம் கலையவில்லை. ஸ்டாஃபர்டில் ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ என்ற இடத்தில் 1982 முதல் 86 வரை நடந்த ஆல்நைட்டர்களில் சில டி.ஜே.க்கள் பிடிவாதமாக, அறுபதுகளின் பாட்டுதான், ஆனால் இதுவரை யாரும் கேட்காத பாட்டு என்று கிளம்பினார்கள். வற்றிவிட்டதாகச் சொன்ன கிணற்றில் இன்னும் தண்ணீர் இருந்தது! விகன் ஞாபகத்தோடு வந்தவர்கள் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். இந்தத் தடவை தரையைக் காலி செய்தது தெரியாத பாட்டு.

வயது ஏற ஏற அந்தப் பக்கம்தான் எடை கூடியது. 2023 ஜூலையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பி.பி.சி. ப்ராம்ஸ் விழாவில், முழு ஆர்கெஸ்ட்ரா நார்தர்ன் சோல் வாசித்தது. ஊரறிந்த பாட்டுகள்தான். நரைத்த தலைகள் எழுந்து நின்று ஆடின. ஃபிராங்க் வில்சனின் மூலத் தட்டு ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-ல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டு. பாட்டைக் கேட்க அந்தக் காசு வேண்டாம், போனைத் தட்டினால் வந்துவிடும். வாங்கியவர் கொடுத்த விலை லேபிளுக்கு. வில்சன் 2012-லேயே இறந்துவிட்டார்.

இப்போதெல்லாம் பிரிட்டனில் நடக்கும் பெரிய சோல் வார இறுதிகளில் இரண்டு அறை வைப்பது வழக்கம். ஒன்றில் ஓல்டீஸ். இன்னொன்றில் அரிய சரக்கு. தனக்குப் பிடிக்காத பாட்டு வந்தால் யாரும் பேனர் பிடிப்பதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்கு நடந்துவிடுகிறார்கள்.